டிப் அடிக்கடி கழன்று விழுகிறதா? முதலில் அடிப்பக்கத்தைப் பாருங்கள்

கேள்வி: மன்னார்குடியில் கல்லூரியில் படிக்கிறேன். பணம் சேர்த்து சொந்தமாக ஒரு பூல் ஸ்டிக் (மேசையில் பந்தடிக்கும் கோல்) வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. அதன் நுனியில் ஒட்டியிருக்கும் தோல் துண்டு, அதாவது டிப், போன மாதம் மட்டும் மூன்று முறை கழன்று விழுந்துவிட்டது. இரண்டு முறை பூல் பார்லரில் ஒட்டிக் கொடுத்தார்கள், ஒரு முறை நானே பெவிக்விக் போட்டு ஒட்டினேன். லேயர் டிப் போட்டால் ஸ்பின் அள்ளும் என்கிறார்கள் நண்பர்கள். செருப்புத் தைப்பவரிடம் தோல் வெட்டி வாங்கி ஒட்டினாலே போதும் என்கிறார் இன்னொருவர். எந்த டிப் வாங்குவது? நானே ஒட்ட முடியுமா?

பதில்: தம்பி, விழுந்த டிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? கையில் இருந்தால் அதன் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். எதை வாங்குவது என்பதை அப்புறம் பேசலாம்.

நடுவில் மட்டும் பசை பளபளவென்று காய்ந்திருந்து, ஓரத்துத் தோலில் பசையே படவில்லை என்றால், டிப்பின் அடியோ ஸ்டிக்கின் நுனியோ நடுவில் மேடாக இருக்கிறது. ஓரத்தில் வளையம் போலப் பசை, நடுவில் ஒன்றுமில்லை என்றால் எங்கோ குழிந்திருக்கிறது. பசை முழுவதும் தகடு போல டிப்போடு வந்துவிட்டு, ஃபெரூல், அதாவது நுனியில் இருக்கும் அந்த வெள்ளைப் பூண், துடைத்து வைத்தது மாதிரி வழவழவென்று இருந்தால், ஒட்டும்போது அங்கே பிசுக்கோ பழைய பசையோ இருந்திருக்கிறது. தோல் பிய்ந்து அதன் மெல்லிய படலம் ஒன்று ஃபெரூலிலேயே தங்கியிருந்தால் மட்டும்தான் டிப்பைக் குறை சொல்ல முடியும். என்னிடம் வருகிற ஸ்டிக்குகளில் இந்தக் கடைசி வகையை அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

உலக்கைக்குப் பூண் எதற்கோ, ஸ்டிக்குக்கும் அதற்கே: அடி வாங்கும் மரம் பிளந்துவிடக் கூடாது. ஃபெரூலின் முகமும் டிப்பின் அடியும் இரண்டு கண்ணாடித் துண்டுகள் போலப் பொருந்தி உட்கார வேண்டும். பார்லர்களில் அவசரத்துக்கு ஒட்டும்போது இந்த ஒரு வேலையைத்தான் விட்டுவிடுகிறார்கள். பழைய பசைமேலேயே புதுப் பசை, அதன்மேல் புது டிப். அது நாலு பிரேக் (ஆட்டத்தைத் தொடங்கும் பலத்த அடி) தாங்கினாலே அதிசயம்.

ஆகவே முதல் வேலை சுரண்டுவது. பழைய டிப்பைக் கட்டர் பிளேடால் மெல்ல மெல்ல அரிந்து எடுங்கள். ஒரே வெட்டில் எடுக்கப் போனால் ஃபெரூலின் விளிம்பு தெறிக்கும். மிச்சப் பசையைப் பிளேடின் விளிம்பால் வழித்துவிட்டு, ஒரு கண்ணாடி அல்லது கிரானைட் துண்டின்மேல் 150 நம்பர் உப்புத்தாளை விரித்து, ஸ்டிக்கைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு மூன்று சுற்று தேயுங்கள். அதிகம் தேய்த்தால் ஃபெரூல் குட்டையாகிவிடும். செங்குத்தாகப் பிடிப்பது சொல்வதற்கு எளிது, கை கேட்காது. கதவு நிலையின் மூலையில் ஸ்டிக்கைச் சாய்த்து, நிலையையே தூக்குக்குண்டு மாதிரி வைத்துக்கொண்டு நான் பழகினேன். டிப்பின் அடியையும் அதே தாளில் எட்டுப் போடுவது போலத் தேயுங்கள், பளபளப்பு போய்த் தோல் சொரசொரப்பாகும்வரை. பிறகு பசை இல்லாமல் டிப்பை ஃபெரூல்மேல் வைத்து, பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடியுங்கள். இடையில் வெளிச்சம் கசிந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். கசியாதவரை பசைக் குழாயைத் திறக்காதீர்கள்.

துடைக்க நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம். சில பிளாஸ்டிக் ஃபெரூல்களை அது கரைத்துவிடும். சுத்தமான உலர்ந்த துணி போதும். அதற்குப் பிறகு விரல் படக் கூடாது.

பசையைப் பொறுத்தவரை, நீங்கள் போட்டதும் சயனோஅக்ரிலேட் வகைதான், அதில் குற்றமில்லை. ஆனால் தண்ணீர் மாதிரி ஓடுவதைவிட ஜெல்லாக வருவது நல்லது. ஓடுகிற பசையைத் தோல் உறிஞ்சிக்கொள்ளும். அடிப்பகுதி கல்லாக இறுகிவிடும், ஃபெரூலில் ஒட்டுவதற்குப் பசை மிஞ்சாது. இன்னொன்றையும் நம்ம ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பசை காய்வது காற்றின் ஈரத்தால். ஐப்பசி, கார்த்திகையில் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் நாளில், டிப்பை நடுவுக்கு நகர்த்துவதற்குள் பசை பிடித்துவிடும். அதனால் மழை நாளில் எங்கே வைப்பது என்று முன்கூட்டியே பார்த்துக்கொண்டு, ஒரே தடவையில் வைத்து அழுத்த வேண்டும். ஒரு சின்னச் சொட்டு நடுவில், ஒரு நிமிடம் அழுத்தம், பிறகு இரவு முழுக்க சும்மா விடுங்கள்.

சரி, எந்த டிப்? பூல் ஸ்டிக் நுனி பெரும்பாலும் 12.5 முதல் 13 மி.மீ. வரை இருக்கும், ஸ்னூக்கருக்கு 9 முதல் 10. ஃபெரூலைவிடக் கொஞ்சம் பெரிய டிப்பாக வாங்குங்கள்; உங்களுடையது 13 என்றால் டிப் 14. ஒட்டிக் காய்ந்த பிறகு ஃபெரூலைச் சுற்றி ஒரு சுற்று டேப் ஒட்டி, ஸ்டிக்கைத் தலைகீழாகப் பலகைமேல் அழுத்தி, ஃபெரூல் பக்கமிருந்து பலகையை நோக்கிப் பிளேடை இறக்கிச் சுற்றிலும் செதுக்கினால் மிச்சம் போய்விடும். சரியான அளவிலோ சின்னதாகவோ வாங்கிவிட்டால், நடுவிலிருந்து அரை மி.மீ. நகர்ந்தாலும் திருத்த வழியில்லை.

டிப் இரண்டு வகை. ஒரே தோலில் வெட்டி அழுத்தியது ஒன்று. எல்க் மாஸ்டர், டிரையாங்கிள் எல்லாம் இந்த ரகம். இன்னொன்று, பெரும்பாலும் பன்றித்தோலை மெல்லிய தாள்களாக்கி, அடுக்கடுக்காக ஒட்டி அழுத்தியது. மூரி, கமுய் போன்றவை. ஒற்றைத் தோல் மலிவு. ஆனால் ஒரே பெட்டியிலேயே ஒன்று மெத்தென்றும் இன்னொன்று விறைப்பாகவும் இருக்கும். நகத்தால் அழுத்திப் பார்த்துப் பொறுக்க வேண்டியதுதான். எல்க் மாஸ்டரைப் பாலில் ஊறவைத்து, வைஸில் இறுக்கிக் காயவைத்துப் போடுகிறவர்களும் அமெரிக்காவில் உண்டு. நம் வீட்டில் அதற்குப் பால் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. லேயர் டிப்பில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் குறைவு, சீக்கிரம் விரியாது. விலைதான் பல மடங்கு. பிரபலமான பெயர்களில் போலியும் நிறைய வருகிறது.

ஸ்பின் அள்ளுமா என்றால், அள்ளாது. டிப் பந்தைத் தொடுவதே விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அதற்குள் மெத்தென்ற தோல் கூடுதலாகப் பெரிதாக ஒன்றும் சாதிப்பதில்லை. நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி அடிக்கிறீர்கள், வழுக்காமல் அடிக்கிறீர்களா, இவைதான் ஸ்பின். அதற்கும் எல்லை உண்டு: பந்தின் ஆரத்தில் சுமார் பாதி. 57 மி.மீ. பூல் பந்தில் அது நடுவிலிருந்து 14 மி.மீ. அதைத் தாண்டினால் எந்த நாட்டு டிப்பும் வழுக்கும். மெத்தென்ற டிப், வழுக்காமல் இருக்கப் பூசும் சாக்கை நன்றாகப் பிடிக்கும், ஆனால் அடிக்கடி சீர் செய்ய வேண்டும்; விறைப்பானது உருவம் மாறாது, நாளாவட்டத்தில் மேல்பக்கம் மெருகேறிச் சாக் நிற்காது. உங்களுக்கு நடுத்தரம், அதாவது மீடியம். ஒட்டப் பழகும்வரை ஒற்றைத் தோலே போதும். இரண்டு வாங்குங்கள், முதலாவது கெட்டுப்போகும்.

செருப்புத் தோல் விஷயம். நானும் செய்து பார்த்தவன்தான். அடித்தோல் கெட்டியாகத் தெரியும், ஆனால் டிப்புக்காக அழுத்தப்பட்ட தோல் இல்லை. நாலைந்து நாளில் காளான் மாதிரி குடை விரித்து ஃபெரூலுக்கு வெளியே தொங்கியது. செதுக்கினேன், மறுபடி விரித்தது. அவசரத்துக்கு ஒரு சாயங்காலம் ஓட்டலாம், அவ்வளவுதான்.

புது டிப் தட்டையாக இருக்கும், அதை வளைவாக்க வேண்டும். அமெரிக்கர்கள் அவர்கள் ஊர் நிக்கல், டைம் காசுகளின் வளைவைக் கணக்காகச் சொல்வார்கள். நிக்கலின் விட்டம் சுமார் 21 மி.மீ., டைமுடையது 18. நமக்கு 2019-இல் வந்த ஒரு ரூபாய் நாணயம் 20 மி.மீ., இரண்டுக்கும் நடுவில் கச்சிதம். நாணயத்தை டிப்பின் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து உப்புத்தாளால் உருட்டுங்கள். பக்கவாட்டுத் தோலை எச்சில் தொட்டு ஈரமாக்கி, பழைய பெல்ட் துண்டைச் சுற்றி வேகமாகத் தேய்த்தால் சூட்டில் இறுகிக் கருத்து மினுங்கும். அந்த மினுக்கம்தான் விரிவதைத் தடுக்கும் வளையம். அப்படியும் முதல் வாரத்தில் கொஞ்சம் விரியும். இன்னொரு முறை செதுக்குங்கள்.

மழைக்காலத்தில் மிருதங்கத் தோல் தொய்ந்து சுருதி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். டிப்பும் தோல்தானே, அப்போது மெத்தென்று ஆகும், சீக்கிரம் விரியும். ஸ்டிக்கை ஈரச் சுவரில் சாய்த்து வைக்காமல் உறையில் போட்டு வையுங்கள். பக்கவாட்டு உயரம் ஒன்றரை மி.மீ.க்குக் கீழே தேய்ந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் அடி நேராகப் பூணுக்கு இறங்கும்.

சுரண்டும்போது ஃபெரூலில் மயிரிழை போல விரிசல் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதன்மேல் என்ன ஒட்டினாலும் நிற்காது, ஃபெரூலையே மாற்ற வேண்டும். அது ஸ்டிக் வேலை தெரிந்தவர் கையில் நடக்க வேண்டியது. பம்ப்செட் ஷாஃப்ட் கடையும் லேத்தில் கொடுத்தால் ஆகாதா என்று எனக்கும் ஒரு காலத்தில் யோசனை வந்தது. பட்டறைக்காரர் மேல் தப்பில்லை, இரும்பைப் பிடிக்கிற மாதிரியே மரத்தையும் லேத்தின் பிடியான சக்கில் இறுக்கினார். ஃபெரூல் அழகாகத்தான் வந்தது. மேப்பிள் மரத்தில் சக்கின் மூன்று தாடையும் மூன்று பள்ளம் பதித்துவிட்டன. இன்றைக்கும் ஸ்டிக் இடது கை விரலில் ஓடும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டிக்கொண்டு போகிறது.