ஒன்பதாவது கேள்வியை நீங்களே நிரப்பாதீர்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். என் கீழ் எட்டு வருடமாக வேலை பார்ப்பவர், வயது 36, இங்கேயே சாட்ஸ்வொர்த் பகுதிக்காரர். இரண்டு மாதமாகத் தாமதமாக வருகிறார், சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதே இல்லை, பெட்டி எண்ணிக்கையில் தப்பு செய்கிறார். இணையத்தில் மனச்சோர்வுச் சோதனை ஒன்றை அவருக்காக நானே போட்டுப் பார்த்தேன், 16 வந்தது. தூங்கட்டும் என்று என் மனைவியின் தூக்க மாத்திரை ஓர் அட்டை கொடுத்தேன். போன வாரம் முதல் அமைதியாக இருக்கிறார். தன் தூண்டில்களைக்கூடப் பையன்களுக்குக் கொடுத்துவிட்டார். வைட்டமின் குறைவாக இருக்குமா? நான் ஏதாவது கேட்கப் போய் விபரீதமாகிவிட்டால்?

பதில்: கடைசி வரியில்தான் உங்கள் பயம் இருக்கிறது, அதனால் அதற்கே முதலில் பதில். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று கேட்பதால் அந்த எண்ணம் யாருக்கும் வந்துவிடாது. ஏற்கெனவே இருந்தால், நீங்கள் கேட்ட பிறகுதான் அவருக்குச் சொல்ல வழி பிறக்கும்.

நீங்கள் போட்டது பிஎச்க்யூ-9 ஆக இருக்கும். கடந்த 2 வாரம் எப்படிப் போனது என்று ஒருவர் தன்னைப் பற்றித் தானே பதில் சொல்ல வேண்டிய 9 கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண். அடுத்தவர் மனசுக்கு நீங்கள் மார்க் போட முடியாது. செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா என்பதுதான் ஒன்பதாவது கேள்வி. அதற்குப் பூஜ்யம் போட்டிருந்தால், அது உங்கள் ஆசை மட்டுமே.

தூண்டில் விஷயத்தை நல்ல செய்தி போல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. விடிவதற்கு முன்பே டர்பன் கடற்கரையில் போய் நிற்கும் ஆட்களை எனக்குத் தெரியும். தூண்டிலை இரவல் கொடுக்கக்கூட அவர்களுக்கு மனசு வராது. வாரக்கணக்கில் வாடிக் கிடந்தவர், காரணம் தெரியாமல் திடீரென்று அமைதியாகி, ஆசையாய் வைத்திருந்ததை எடுத்துக் கொடுக்கிறார் என்றால், அது சில சமயம் முடிவெடுத்துவிட்ட நிம்மதியாக இருக்கும். இல்லாமலும் இருக்கலாம். இன்றைக்கே கேளுங்கள்.

ஷிப்ட் முடிந்ததும், யார் கண்ணிலும் படாத இடத்தில். "தம்பி, ரெண்டு மாசமா நீ சாப்பிடுறதே இல்ல, பாத்துட்டுத்தான் இருக்கேன். தூண்டில எல்லாம் குடுத்துட்டியாமே. செத்துடலாம்னு தோணுதா?" இவ்வளவு நேராகவே கேட்கலாம். "அப்படியெல்லாம் நினைக்க மாட்டியே?" என்று கேட்டால் "இல்லண்ணே" என்றுதான் வரும். கேட்டுவிட்டு, அவர் வாய் திறக்கும்வரை நீங்கள் பேசாதீர்கள்.

ஆமாம் என்றாலோ, பதில் வராமல் தலை குனிந்தாலோ, அவரைத் தனியே விடக் கூடாது. வீட்டுக்குப் போன் போட்டு ஒருவரை வரவழையுங்கள். நீங்களும் கூடப் போய் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் உட்காருங்கள். சாட்ஸ்வொர்த் என்றால் ஆர்.கே. கான் மருத்துவமனை. என்ன செய்வதென்று திகைத்தால், மனச்சோர்வில் இருப்பவர்களுக்கு உதவும் சாடாக் அமைப்பின் 0800 567 567 எண்ணைக் கூப்பிடுங்கள். இல்லை என்று சொன்னாலும் இந்த வாரமே டாக்டரைப் பார்த்தாக வேண்டும்.

அந்த மாத்திரை அட்டையை இன்றே திரும்ப வாங்குங்கள். மனச்சோர்வில் இருப்பவர் கையில் மொத்தமாக ஓர் அட்டை தூக்க மாத்திரை! அது மனச்சோர்வைக் குணமாக்காது, மதுவோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும். நல்ல மனசோடுதான் கொடுத்தீர்கள், தெரியும். ஆனால் ஒருவருக்கு எழுதிய மருந்தை இன்னொருவருக்குக் கொடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. வைட்டமினா? அதை டாக்டர் பார்த்துக்கொள்வார், விடுங்கள்.

அப்புறம் வேலை விஷயம். இந்த நாட்டுச் சட்டப்படி, வாரம் 5 நாள் வேலை செய்பவருக்கு 3 ஆண்டுக்கு 30 நாள் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உண்டு. சான்றிதழில் நோயின் பெயர் இருக்க வேண்டிய அவசியமில்லை, நீங்களும் கேட்காதீர்கள். டாக்டர் மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தால் பலன் நன்றாகத் தெரிய 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை இரவு ஷிப்ட் வேண்டாம், எண்ணிக்கை வேலையில் இன்னொருவரைச் சேர்த்துவிடுங்கள், எச்சரிக்கைக் கடிதம் எதையும் நீட்டாதீர்கள். மற்றவர்களிடம் "உடம்பு சரியில்லை" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை போகக் கூடாது.

தூண்டில் வாங்கிய பையன்களிடம் மட்டும் சொல்லிவையுங்கள், அவற்றைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.