'ஜஸ்ட் நவ்' என்றால் எப்போது?

கேள்வி: ஜோகன்னஸ்பர்க்கில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் என் மகனிடம், உடன் வேலை செய்பவர் 'ஜஸ்ட் நவ்' வருகிறேன் என்றாராம். ஒரு மணி நேரமாகியும் ஆளைக் காணோம். ஏமாற்றுகிறாரா?

பதில்: இல்லையம்மா, அவர் பொய் சொல்லவில்லை. தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தில் 'ஜஸ்ட் நவ்' என்றால் 'அப்புறம்' என்றுதான் பொருள். அரை மணியும் ஆகலாம், சாயங்காலமும் ஆகலாம். ஆப்பிரிக்கான்ஸ் மொழியின் 'நெட்நோ' என்ற சொல்லிலிருந்து வந்த வழக்கம் இது. சீக்கிரமே வருகிறவர் 'நவ் நவ்' என்பார். அங்கே போன புதிதில் எனக்கு வழி சொன்ன ஒருவர், 'ரோபாட்'டில் இடது பக்கம் திரும்பச் சொன்னார். போக்குவரத்து சிக்னலுக்கு அங்கே அதுதான் பெயர்! இன்றும் எனக்கு மிகவும் பிடித்த சொல். சரி, உங்கள் மகன் தயங்காமல் 'எத்தனை மணிக்கு?' என்று கேட்கட்டும்.