பொருளாதாரப் பெருமந்தம் என்றால் என்ன? அந்த நேரத்தில் அரசு ஏன் செலவழிக்கிறது?

உற்பத்தியும் வேலைவாய்ப்பும் ஆண்டுக்கணக்கில் சரிந்து கிடப்பதைப் பெருமந்தம் என்கிறோம். பெரும்பாலும் கடையில் பொருள் இருக்கும். வாங்குபவர் கையில் காசு இருக்காது.

மட்டக்களப்புச் சந்தையை நினைத்துப் பாருங்கள். வாவி மீன் குவிந்திருக்கிறது. வேலையிழந்த மேசன் வாங்கவில்லை. அதனால் மீன் வியாபாரி பிள்ளைக்குச் சட்டை தைக்கக் கொடுக்கவில்லை. தையற்காரர் பாதியில் நின்ற வீட்டுச் சுவரை அப்படியே விட்டுவிடுகிறார். இன்னொரு மேசனுக்கும் வேலை போகிறது. தனித்தனியே பார்த்தால் எல்லோருடைய சிக்கனமும் நியாயமானது. ஆனால் ஒரே நேரத்தில் நடக்கும்போது ஊரே முடங்கிவிடுகிறது. இந்தச் சங்கிலியை அறுக்கத்தான் அரசு செலவழிக்கிறது.

1929இல் அமெரிக்காவில் தொடங்கிய மந்தத்தில், 1933 அளவில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடப்பட்டன. அவ்வாண்டு ஜனாதிபதியாகப் பதவியேற்ற ரூஸ்வெல்ட், நிவாரணமாக இளைஞர்களுக்கு மரம் நடுதல் போன்ற கூலி வேலைகளைக் கொடுத்தார். சீர்திருத்தமாக வங்கி வைப்புகளுக்குக் காப்புறுதியும், 1935இல் முதியோர் ஓய்வூதியச் சட்டமும் வந்தன. என் பார்வையில் வைப்புக் காப்புறுதியே மிகப் பெரிய காரியம்: பணம் பத்திரம் என்று தெரிந்தால் யாரும் வங்கி வாசலில் முண்டியடிக்க மாட்டார்கள்.

இத்திட்டங்கள் மந்தத்தை உடனே தீர்த்தன என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் 1937இல் மீண்டும் ஒரு சரிவு வந்தது, வேலையின்மை முழுதாக நீங்கியது இரண்டாம் உலகப் போர்க்கால உற்பத்தியின்போதுதான்.