வளரும் நகரத்தில் கவுன்சிலர் வேட்பாளர் எதற்கு முன்னுரிமை தரவேண்டும்?

மேம்பாலம், பூங்கா என்று நோட்டீஸில் எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். நான் முதலில் தேடுவது மண்ணுக்கடியில் போகும் குழாயைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்றுதான். பத்துத் தெருவுக்குப் போட்ட சாக்கடையில் நாற்பது தெருக் கழிவுநீர் சேர்ந்தால் மூடி வழியே பொங்கத்தான் செய்யும், காலி மனையெல்லாம் சிமெண்ட் தளமாகிவிட்டால் மழைநீரும் மண்ணில் இறங்க வழியில்லாமல் தெருவுக்குத்தான் வரும். அப்புறம் வரிசை: முதலில் குழாய், பிறகு ரோடு. மாற்றிச் செய்தால் போன மாதம் போட்ட தார் ரோட்டை இந்த மாதம் வெட்டுவார்கள், ஒட்டுப்போட்ட இடம் அடுத்த மழையில் பள்ளமாகும். குப்பை, தெருவிளக்கு எல்லாம் சரி, அது அன்றாட வேலை. கட்டியதைப் பராமரிக்க வருடா வருடம் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டுப் பாருங்கள். வரியையும் தொடமாட்டேன், எல்லாம் கட்டித் தருவேன் என்பவரை நான் நம்புவதில்லை.