பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஒரு வருடம் ஆகிறது: அரசுத் தேர்வா, வெளிநாடா, துறையையே விட்டுவிடுவதா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பதன் சுருக்கம்: பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஒரு வருடமாகத் தனியார் மருத்துவமனையில் ஜெனரல் வார்டில் வேலை. கையில் வருவது 15,000 சொச்சம். மாதத்தில் பாதி நைட் டியூட்டி, வீட்டில் கல்யாணப் பேச்சும் ஆரம்பித்துவிட்டது. அரசு வேலைக்குப் படிப்பதா, வெளிநாடு போவதா, இல்லை நர்சிங்கே வேண்டாம் என்று வேறு ஏதாவது பார்ப்பதா?

நான் மதுரைப் பக்கம் வார்டு, ஐ.சி.யு. என்று வேலை பார்த்து இப்போது இன்சார்ஜாக இருக்கிறேன். உங்களைப் போல ஒரு வருடத்தில் சோர்ந்துபோய் வந்து நிற்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன், அதனால் நேராகவே சொல்கிறேன். இப்போது வேலையை விடாதீர்கள், ஆனால் இதே ஜெனரல் வார்டில் இன்னும் இரண்டு வருடம் உட்காரவும் வேண்டாம். ஐ.சி.யு., எமர்ஜென்சி, டயாலிசிஸ், ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்), லேபர் வார்டு, என்.ஐ.சி.யு. (பச்சிளம் குழந்தைகளுக்கான ஐ.சி.யு.) இதில் ஏதாவது ஒன்றுக்கு மாற்றல் கேளுங்கள். நீங்கள் சொல்லும் மூன்று வழியில் எதில் போனாலும், எந்த வார்டில் எவ்வளவு காலம் இருந்தீர்கள், அதற்கு என்ன காகிதம் வைத்திருக்கிறீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

மாற்றலை வாயால் கேட்டால் நடக்காது. ஒரு பக்கத்தில் லெட்டர் எழுதி நர்சிங் சூப்ரின்டென்டென்ட்டிடம் நேரில் கொடுங்கள், காலை ரவுண்ட்ஸ் முடிந்து அவர் கொஞ்சம் ஓய்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து. ஐ.சி.யு.வில் எப்போதும் ஆள் பற்றாக்குறைதான், அதனால் கேட்கிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்துவிடும். கிடைக்கவே இல்லை என்றால் இரண்டு வருடம் முடியும்வரை காத்திருக்காமல் வேறு மருத்துவமனை பாருங்கள். அங்கே இன்டர்வியூவில் சம்பளத்தோடு சேர்த்து, மாதத்துக்கு எத்தனை நைட், வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்குத் தனி நர்ஸ் உண்டா, பி.எஃப். பிடிக்கிறார்களா என்றும் கேளுங்கள். வென்டிலேட்டர் நோயாளிக்கு ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்பதுதான் நியமம். "அதெல்லாம் சமாளிச்சுக்கலாம் சிஸ்டர்" என்று பதில் வந்தால் அந்த இடம் எப்படி என்று புரிந்துவிடும்.

அடுத்தது நைட் டியூட்டி. உங்கள் கேள்வியில் எனக்கு அதிகம் கவலை தந்தது இதுதான். முதல் நைட்டுக்குப் போகும் அன்று மதியம் இரண்டு மணி நேரமாவது தூங்கிவிட்டுப் போங்கள். சாப்பாட்டை டியூட்டி ஏறுவதற்கு முன்னாலேயே முடித்துவிட்டு, நடுராத்திரியில் பசித்தால் பழம், சுண்டல், மோர் என்று லேசாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணிக்கு மேல் பரோட்டா பார்சல் வாங்கிச் சாப்பிடும் பழக்கம்தான் நர்சுகளின் வயிற்றைக் கெடுக்கிறது. மூன்று மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம், காலையில் வீட்டுக்குப் போனதும் தூக்கம் வராது. அறையில் கெட்டித் துணியில் திரை போடுங்கள். பகலில் நீங்கள் தூங்குவது சோம்பல் இல்லை, அதுதான் உங்கள் ராத்திரி என்று வீட்டில் ஒருமுறை உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: தொடர் நைட் முடித்துவிட்டுக் கண் சொருகும் நிலையில் ஸ்கூட்டி ஓட்டாதீர்கள், பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ போங்கள்.

பன்னிரண்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல், பாத்ரூம் போகாமல் ஓடுவதை நம் தொழிலில் ஏதோ தியாகம் மாதிரி பேசுகிறார்கள். அது சிறுநீர்த் தொற்றில்தான் கொண்டுபோய் விடும். பக்கத்துக் கட்டில் சிஸ்டரிடம் "அஞ்சு நிமிஷம் பார்த்துக்கோங்க அக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்வாருங்கள், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். காலில் நரம்பு சுருட்டிக்கொள்வதற்கு முன்பே கம்ப்ரெஷன் ஸ்டாக்கிங்ஸ் (காலை இறுக்கிப் பிடிக்கும் உறை) போட ஆரம்பித்துவிடுங்கள். நோயாளியைத் தனியாகத் தூக்காதீர்கள், அட்டெண்டர் வரும்வரை இரண்டு நிமிடம் நிற்கலாம், ஆனால் முதுகுத் தட்டு விலகினால் இந்தத் தொழிலே போய்விடும். ஹெபடைடிஸ் பி ஊசி மூன்று டோஸும் போட்டுவிட்டீர்களா? போட்டிருந்தால் ஆன்டிபாடி அளவையும் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நோயாளிக்குப் போட்ட ஊசி உங்கள் கையில் குத்திவிட்டால் அந்த இடத்தைப் பிதுக்காமல் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவிவிட்டு உடனே எழுதிக்கொடுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பலன் இல்லை. திட்டுவார்களே என்று பயந்து மறைக்கிற ஜூனியர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

வார்டில் உங்களைக் காப்பாற்றுவது உங்கள் பேனா. ராத்திரி 2.40க்கு ஒரு நோயாளிக்கு பி.பி. 80/50 என்று வருகிறது, டியூட்டி டாக்டரைக் கூப்பிடுகிறீர்கள், அவர் போனிலேயே "ஃபுளூயிட் ஓட்டுங்க, வர்றேன்" என்கிறார். அப்போது கேஸ் ஷீட்டில் வெறுமனே "டாக்டர் இன்ஃபார்ம்ட்" என்று எழுதாதீர்கள். எத்தனை மணிக்கு என்ன பி.பி., எத்தனை மணிக்கு எந்த டாக்டருக்குச் சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார், அதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்தீர்களா, எத்தனை மணிக்கு ஃபுளூயிட் தொடங்கியது, அவர் வந்தது எத்தனை மணிக்கு, எல்லாவற்றையும் அந்தந்த நேரத்தோடு எழுதுங்கள். காலையில் பேச்சு மாறும்போது அந்த ஆறு வரிதான் உங்கள் பக்கம் நிற்கும். போனில் சொன்ன ஆர்டருக்குக் காலையிலேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள். பொட்டாசியம் குளோரைடு, இன்சுலின், ஹெப்பாரின் மூன்றையும் இன்னொருவர் கண்ணில் காட்டாமல் ஏற்றாதீர்கள், அதில் பொட்டாசியத்தைக் கலக்காமல் நேராக நரம்பில் ஏற்றவே கூடாது என்பது உங்களுக்குத் தெரியும், ஆனால் தூக்கக் கலக்கத்தில் ஆம்ப்யூல் மாறுவது தெரியாமல் நடக்கிற விஷயம்.

சம்பளம். உங்கள் கோபம் நியாயமானது. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் மத்திய அரசு ஒரு குழு போட்டது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனையில் மாநில அரசு நர்சுக்குச் சமமான சம்பளம், 100 படுக்கைக்கு மேல் என்றால் அதில் 10 சதவீதம் வரை குறையலாம், 50 முதல் 100 என்றால் 25 சதவீதம் வரை, 50க்குக் கீழே இருந்தாலும் 20,000க்குக் குறையக்கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. கேரளத்து நர்சுகள் தொடர்ந்து போராடி 2018ல் அரசாணையாகவே 20,000 அடிப்படைச் சம்பளம் வாங்கினார்கள். நம் ஊரில் அப்படிச் சேர்ந்து நின்று கேட்பது இன்னும் குறைவாகத்தான் இருக்கிறது, அது எனக்குப் பெரிய வருத்தம். உங்கள் மருத்துவமனையில் எத்தனை படுக்கை என்று தெரிந்துகொண்டு அடுத்த இன்க்ரிமென்ட் பேச்சில் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். உடனே கிடைக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் எதுவும் தெரியாதவர் என்று நினைத்துப் பேசுவதாவது நிற்கும்.

அப்புறம் காகிதம். ஒரிஜினல் சான்றிதழ்களை எந்த மருத்துவமனையிலும் கொடுத்து வைக்காதீர்கள், காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிவிடுங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருள் அல்ல, அதைப் பிணையாகப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிபிகேட் விஷயத்தில் என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறேன். நல்ல கைத்திறன், ஐ.சி.யு.வில் வருடக்கணக்கில் இருந்தவள். முன்பு இருந்த மருத்துவமனை கொடுத்த சான்றிதழில் "ஸ்டாஃப் நர்ஸாகப் பணியாற்றினார்" என்று ஒரே ஒரு வரி. எந்தத் துறை, எத்தனை படுக்கை, முழு நேரமா, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, ஒன்றும் இல்லை. வளைகுடா லைசென்ஸுக்கு விண்ணப்பித்தபோது சான்றிதழைக் கொடுத்த இடத்திலேயே கேட்டு உறுதி செய்யும் டேட்டாஃப்ளோ சரிபார்ப்பில் அது நின்றுபோனது. பழைய மருத்துவமனையின் எச்.ஆர். மாறிவிட்டார், மெயிலுக்குப் பதில் இல்லை, கிடைத்த வேலை அதற்குள் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. நீங்கள் கிளம்பும் அன்றே துறை, படுக்கை எண்ணிக்கை, பதவி, தேதிகள், கையெழுத்துப் போட்டவரின் பெயர், மருத்துவமனையின் அதிகாரப்பூர்வ மெயில் முகவரி எல்லாம் இருக்கிற மாதிரி கேட்டு வாங்குங்கள். பி.எஃப். பாஸ்புக்கும் சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு விவரமும் கூட அனுபவத்துக்குச் சாட்சிதான், அதனால் கையில் ரொக்கமாகச் சம்பளம் தரும் இடம் வேண்டாம்.

அரசு வேலைக்கு வருவோம். மாநில அரசில் எம்.ஆர்.பி. என்ற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத்தான் எடுக்கிறார்கள். பாஸ் ஆன உடனே நிரந்தர வேலை என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். 2015ல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தேர்வு வைத்து எடுத்தபோது 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில்தான் சேர்த்தார்கள், நிரந்தரம் கேட்டு அவர்கள் பல வருடம் போராட வேண்டியிருந்தது. தொகுப்பூதியம் பிறகு உயர்ந்தது என்றாலும் காத்திருப்பு காத்திருப்புதான். அதனால் எம்.ஆர்.பி.யோடு சேர்த்து எய்ம்ஸ் நடத்தும் நர்சிங் ஆபீசர் தேர்வான நார்செட்டுக்கும் கட்டாயம் எழுதுங்கள். அடிப்படைச் சம்பளமே 44,900, நிரந்தரப் பணியிடம், 80 சதவீத இடம் பெண்களுக்கு. பி.எஸ்சி. முடித்தவருக்கு அனுபவம் கேட்பதில்லை, ஜி.என்.எம். டிப்ளமோ என்றால் 50 படுக்கை மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் வேண்டும். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 30, மற்றவர்களுக்குத் தளர்வு உண்டு. அந்த வயதுக் கணக்கால்தான் அரசுத் தேர்வை முதலில் எழுதுங்கள், வெளிநாட்டை அடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். ஜிப்மர், இ.எஸ்.ஐ., ரயில்வே அறிவிப்புகளையும் பார்த்துக்கொண்டே இருங்கள். பாடம் ஏறக்குறைய ஒன்றுதான், டியூட்டிக்குப் போகும் பஸ்ஸில் தினமும் 30 கேள்வி போட்டால்கூடப் பழகிவிடும்.

வெளிநாடு என்றால் எந்த நாடு என்று முதலில் முடிவு செய்யுங்கள், ஒவ்வொன்றுக்கும் பாதை வேறு. வளைகுடாவுக்கு டேட்டாஃப்ளோவும் லைசென்ஸ் தேர்வும், பெரும்பாலும் இரண்டு வருட அனுபவமும். பிரிட்டனுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் 7, எழுத்துப் பகுதிக்கு மட்டும் 6.5, இல்லையென்றால் மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி. அதன்பின் கணினித் தேர்வு, அங்கே போய்ச் செய்முறைத் தேர்வு. நர்சிங் தெரிந்த நமக்கு ஐ.இ.எல்.டி.எஸ்.ஸைவிட ஓ.இ.டி. எளிதாக வருகிறது என்பது நான் பார்த்தவரை. ஜெர்மனிக்கு பி2 நிலை வரை ஜெர்மன் படிக்க வேண்டும், வேலை பார்த்துக்கொண்டே படித்தால் ஒரு வருடம் தாராளமாக ஆகிவிடும். அமெரிக்காவுக்கு என்.சி.எல்.இ.எக்ஸ். என்ற லைசென்ஸ் தேர்வு, சென்னையிலேயே எழுதலாம், ஆனால் விசா வரிசை நீளம், அதை நம்பி மற்றதை விட்டுவிடாதீர்கள்.

ஏஜென்ட் விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். குவைத், சவுதி போன்ற நாடுகளுக்கு நர்சுகளை அரசு அனுமதித்த நிறுவனங்கள் வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்று 2015லேயே மத்திய அரசு கொண்டுவந்துவிட்டது. தமிழ்நாட்டில் அதற்கு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, 1978லிருந்து சென்னையில் நடக்கிறது. அங்கே பதிவு செய்து வையுங்கள். லட்சக்கணக்கில் கேட்டு "விசிட் விசாவில் போங்க, அங்கே போய் மாத்திக்கலாம்" என்று சொல்பவரிடம் நகையை அடகு வைத்துப் பணம் கட்டாதீர்கள், தயவுசெய்து.

கல்யாணம் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது, அது உங்கள் விருப்பம். ஆனால் நைட் டியூட்டியும் வெளிநாட்டுத் திட்டமும் பெண் பார்க்க வரும்போதே பேசப்பட்டிருக்க வேண்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்ட வீடுகளில்தான் வேலை நின்றுபோகிறது. இன்னொன்று, மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார மகப்பேறு விடுப்பு சம்பளத்தோடு உண்டு, தனியார் மருத்துவமனைக்கும் பொருந்தும். உங்கள் சம்பளத்துக்கு இ.எஸ்.ஐ. இருக்க வேண்டும், இருந்தால் அந்தப் பணம் இ.எஸ்.ஐ.யிலிருந்தே வரும், மருத்துவமனை "எங்களால் முடியாது" என்று சொல்லக் காரணமே கிடையாது. கர்ப்பம் என்றதும் ராஜினாமா எழுதிக்கொடுக்கச் சொன்னால் எழுதாதீர்கள்.

கடைசியாக, துறையை விடுவது. கட்டிலோரத்தில் நிற்க முடியவில்லை என்பதும் நர்சிங் பிடிக்கவில்லை என்பதும் வேறு வேறு. முதல் வகை என்றால் இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் நர்ஸ், என்.ஏ.பி.எச். (மருத்துவமனைத் தரச் சான்று) வேலைகளைப் பார்க்கும் குவாலிட்டி பிரிவு, டயாலிசிஸ் யூனிட், நர்சிங் கல்லூரியில் ட்யூட்டர் என்று பகல் வேலைகள் இருக்கின்றன. இவற்றில் பலவற்றுக்கும் வார்டில் இரண்டு மூன்று வருடம் நின்றவரைத்தான் எடுப்பார்கள். எம்.எஸ்சி. நர்சிங் சேரவும் ஒரு வருட அனுபவம் வேண்டும், அது உங்களுக்கு முடிந்துவிட்டது. நிஜமாகவே வேண்டாம் என்றால் சென்னையில் மெடிக்கல் கோடிங் (நோய், சிகிச்சை விவரங்களைக் குறியீடாக மாற்றுவது), இன்ஷூரன்ஸ் க்ளெயிம் பார்க்கும் வேலைகளுக்கு நர்சுகளை எடுக்கிறார்கள். போய்ப் பாருங்கள், தப்பே இல்லை. ஆனால் போனாலும் நர்சிங் கவுன்சில் பதிவைக் காலாவதியாக விடாமல் நேரத்துக்குப் புதுப்பித்துவிடுங்கள். திரும்பி வர நினைத்தால் முதலில் கேட்பது அதைத்தான்.