பழைய வண்டி இன்ஜினைப் பிரிக்கலாமா, வேண்டாமா? கேள்வி பதில்

கும்பகோணத்தில் முப்பது வருஷமாகப் பழைய பைக்குகளோடுதான் என் பிழைப்பு. டெல்டா பக்கத்திலிருந்து வந்த கேள்விகளை ஊர்ப் பெயரோடு கீழே போட்டிருக்கிறேன். பெயின்ட், குரோம் எல்லாம் பிறகு பேசலாம். இன்றைக்கு இன்ஜின் மட்டும்.

மன்னார்குடி: அண்ணே, அப்பா ஓட்டிய 1982 புல்லட் 350 பன்னிரண்டு வருஷமாக மாட்டுக்கொட்டகையில் நிற்கிறது. பெயின்டுக்குக் கொடுக்க எப்படியும் இன்ஜினை இறக்க வேண்டும். "அப்படியே போர் போட்டு, கிராங்க் வேலையும் முடித்துவிடலாம்" என்கிறார் மெக்கானிக். சரியா?

தம்பி, போர் போடுவது என்றால் தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது. கிராங்க் என்பது பிஸ்டனின் மேல் கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு. இறக்குவதற்கு முன்னால் ஒரு தடவையாவது இன்ஜினை ஓட விட்டுக் கேளுங்கள். எல்லாரும் தவறுவது இங்கேதான். வண்டியைத் துண்டு துண்டாகப் பிரித்த பிறகு, இன்ஜின் நல்லதா கெட்டதா என்று சொல்ல ஒருவராலும் முடியாது. அப்புறம் பயத்திலேயே எல்லாவற்றையும் மாற்றுவோம்.

முதலில் சைலன்சர் வாயில் குளவிக் கூடு இருக்கிறதா, ஏர் ஃபில்டரில் எலி வைக்கோல் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கொட்டகையில் நின்ற வண்டியில் இரண்டும் சகஜம். பிளக்கைக் கழற்றி, துளை வழியாக இரண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் ஊற்றி ஒரு நாள் விடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். இறுகியிருந்தால் கிக்கர்மேல் ஏறி மிதிக்காதீர்கள். டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி, ஒரு வாரமானாலும் பொறுத்திருங்கள்.

புல்லட்டுக்கு இன்னொரு குணம் உண்டு. ரொம்ப நாள் நின்றால் ஆயில் டேங்க் பகுதியில் இருக்கும் ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். அடியில் உள்ள டிரெயின் போல்ட்டுகள் எல்லாவற்றையும் திறந்து பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புதுசு ஊற்றுங்கள். வடிக்காமல் ஸ்டார்ட் செய்தால் தெருவே புகையாகிவிடும். அதைப் பார்த்து 'ரிங் (பிஸ்டன் வளையம்) போச்சு' என்று முடிவு கட்டி, நல்ல இன்ஜினைப் பிரித்தவர்கள் எத்தனையோ பேர்.

வடித்த ஆயிலைக் கீழே கொட்டிவிடாதீர்கள். ஒரு வெள்ளைத் தட்டில் கொஞ்சம் ஊற்றி, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் துகள் என்றால் பேரிங்கோ கியரோ தேய்கிறது. ஒட்டாத வெள்ளித் துகள் என்றால் பிஸ்டனோ, பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் ராடின் கீழ்முனையான பிக் எண்டின் புஷ்ஷோ. தட்டு சுத்தமாக இருந்தால் பாதிக் கவலை விட்டது. ஸ்டார்ட் ஆனதும், வால்வுகளை அமுக்கும் ராக்கருக்குப் போகும் ஆயில் குழாயின் போல்ட்டைச் சற்றே தளர்த்தி, ஆயில் கசிந்து வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை ரோட்டுக்கு எடுக்க வேண்டும்.

போர் போடுவது வரம்பில்லாத விஷயமல்ல. புல்லட் 350-இன் போர் 70 மில்லிமீட்டர். ஓவர்சைஸ் பிஸ்டன் 20, 40, 60 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று வரும். ஒவ்வொரு தடவை போர் போடும்போதும் சிலிண்டருக்கு ஒரு பிறவி கழிகிறது. தேவையில்லாமல் அதைச் செலவு செய்யாதீர்கள்.

திருவாரூர்: கிக்கர் லேசாக இறங்குகிறது, கம்ப்ரஷன் இல்லை. ஹெட்டா (வால்வுகள் இருக்கும் மேல்பாகம்), ரிங்கா?

இன்ஜின் சூடாக இருக்கும்போது, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து பிடித்து, கம்ப்ரஷன் கேஜ் வைத்து ஒரு அளவு எடுங்கள். பிறகு பிளக் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு இன்னொரு அளவு. இரண்டாவது அளவு நன்றாக ஏறினால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வு சரியாக மூடவில்லை. ஹெட்டை மட்டும் இறக்கி வால்வு கிரைண்டிங் செய்தால் போதும், சிலிண்டரைத் தொட வேண்டாம். ஆனால் அதற்கும் முன்னால் டேப்பட், அதாவது வால்வை இயக்கும் தண்டான புஷ்ராடின் இடைவெளி, ரொம்ப இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். அதனாலும் வால்வு மூடாமல் நிற்கும்.

பாபநாசம்: நீலப் புகை வந்தாலே ரிங்தானா?

இல்லை. ஆக்சிலேட்டரை முறுக்கி வேகம் ஏற்றும்போது நீலமாக வந்தால் ரிங். கொஞ்ச நேரம் ஐடிலில் நின்று கிளம்பும்போதோ, ஆக்சிலேட்டரை விட்டு இறங்கும்போதோ வந்தால் வால்வு கைடு (வால்வின் தண்டு ஓடும் குழல்).

நாகப்பட்டினம்: என் யெஸ்டி மூட்டம் போட்ட மாதிரி புகைக்கிறது. பிஸ்டன், ரிங் இரண்டு தடவை மாற்றியாயிற்று. கியர் ஆயில் வேறு அடிக்கடி குறைகிறது.

புகையும் கியர் ஆயில் குறைவதும் ஒரே வியாதி ஐயா. கிளச் பக்கத்துக் கிராங்க் ஆயில் சீல் போயிருக்கிறது. டூ ஸ்ட்ரோக் இன்ஜின் கிராங்க் அறைக்குள் மூச்சை இழுக்கும்போது, அந்த இடைவெளி வழியாகக் கியர் ஆயிலையும் சேர்த்து இழுத்து எரிக்கிறது. மேலே எத்தனை பிஸ்டன் மாற்றினாலும் நிற்காது. சீல் மாற்றும்போது, அது உட்காரும் தண்டில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். பள்ளம் தட்டினால் புதுச் சீலும் கசியும். தண்டு ஆடினால் பேரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள். இரண்டு பிஸ்டனுக்குக் கொடுத்த காசு வீண் என்பது எனக்கே வருத்தமாக இருக்கிறது.

பட்டுக்கோட்டை: ஆர்எக்ஸ் 100. சிக்னலில் நிற்கும்போது தானாகவே ரெய்ஸ் ஏறுகிறது.

உடனே ஓட்டுவதை நிறுத்துங்கள். எங்கோ காற்றை இழுக்கிறது, பெட்ரோல் கலவை வறண்டுபோகிறது. இப்படியே தஞ்சாவூர் வரைக்கும் ஓட்டினால் வழியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். அது நன்றாக இருந்தால் மேக்னட் பக்கத்து ஆயில் சீல்.

வேதாரண்யம்: 2018 கஜா புயலில் கொட்டகை சரிந்து, வண்டி உப்புத் தண்ணீரில் இரண்டு நாள் கிடந்தது. அதன் பிறகு தொடவில்லை. இதையும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிரிக்க வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். மேலே சொன்னதெல்லாம் உங்களுக்குப் பொருந்தாது. உப்புத் தண்ணீர் உள்ளே போன இன்ஜினை ஒரு சுற்றுகூடச் சுற்றாமல் முழுசாகப் பிரிக்க வேண்டும்.

உங்கள் கரைப் பக்கத்திலிருந்து அந்த வருஷம் ஒரு வண்டி வந்தது. வெளியே துடைத்து வைத்த மாதிரி இருந்தது. டிரெயின் போல்ட்டைத் திறந்ததும் முதலில் தண்ணீர், அப்புறம் மோர்க்குழம்பு மாதிரி வெளிறிய ஆயில். இன்ஜின் கேஸைப் பிரித்துப் பேரிங்கை விரலில் மாட்டிச் சுற்றினேன். மணலில் சுற்றுவது போல் கரகரத்தது. ரோலர்களில் ஊசி முனையளவு கருப்புப் புள்ளிகள். அந்தப் புள்ளிதான் எமன். துரு போகத் தேய்த்துக் கழுவினாலும் குழி அப்படியே நிற்கும், ஓட ஓட அங்கிருந்து உதிரும். அந்த வண்டிக்குப் பேரிங், சீல் எல்லாம் மாற்றினேன். கிராங்கும் கியர்களும் தப்பித்தன. உங்களுடையதிலும் கியர் பற்கள் நன்றாக இருந்தால் செலவு செய்வதில் அர்த்தம் உண்டு. கேஸின் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து, பேரிங் உட்காரும் இடமே அரித்துப் போயிருந்தால் யோசித்துச் செய்யுங்கள்.

மயிலாடுதுறை: பிக் எண்ட் போயிருக்கிறதா என்று எப்படித் தெரியும்? சத்தத்தை வைத்து ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். சிலிண்டரைத் தூக்கியபின் கிராங்கை உச்சிக்குக் கொண்டுவந்து, கனெக்டிங் ராடை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம், அது தேவையான இடைவெளி. மேல் கீழாக ஒரு 'டிக்' கேட்டாலும் போய்விட்டது. ராடில் ஆயில் இருந்தால் அது ஆட்டத்தை மறைத்துவிடும். கழுவிவிட்டுப் பாருங்கள்.

பிக் எண்ட் ஆடுகிற இன்ஜினுக்குப் புதுப் பிஸ்டன் மட்டும் போட்டு அனுப்புவதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. மேலே கம்ப்ரஷன் கூடினால் கீழே இருக்கும் பலவீனம் சீக்கிரம் உடையும். அப்படிப்பட்ட இன்ஜினைப் பிரித்தால் முழுசாகப் பிரியுங்கள், இல்லையென்றால் மூடியே வையுங்கள்.

திருவையாறு: போர் போடக் கொடுக்கிறேன். லேத்தில் என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?

வாயால் சொல்லிப் பயனில்லை, பிஸ்டனைக் கையில் கொடுங்கள். ஒரே சைஸ் என்று எழுதியிருந்தாலும் பிஸ்டனுக்குப் பிஸ்டன் நூலிழை வித்தியாசம் இருக்கும். பிஸ்டனை அளந்து, அதற்குத் தக்கபடிதான் சிலிண்டரைக் கடைய வேண்டும். ஆரம்ப காலத்தில் அவசரத்தில் ஒரு பட்டறைக்குச் சிலிண்டரை மட்டும் அனுப்பினேன். பிஸ்டன் வந்தபோது உள்ளே கடகடவென்று ஆடியது. அந்த வாடிக்கையாளரின் சிலிண்டர் ஒரு சைஸ் வீணாய்ப் போனது இன்றும் மனதில் நிற்கிறது. வேலை முடிந்து வந்ததும் ரிங்கைச் சிலிண்டருக்குள் நேராக இறக்கி, அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். 70 மில்லிமீட்டர் போருக்குச் சுமார் 0.28 மில்லிமீட்டர் இருக்கலாம்.

ஒரத்தநாடு: கேஸில் விரிசல். பழைய சாமான் கடையில் வேறு கேஸ் கிடைக்கிறது. போடலாமா?

இன்ஜின் நம்பர் அந்தக் கேஸில்தான் அடித்திருக்கும். ஆர்சி புத்தகத்தோடு ஒத்துப்போகாவிட்டால், பதினைந்து வருஷம் முடிந்து ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப் போகும்போது ஆர்டிஓ ஆபீஸில் சிக்கிக்கொள்வீர்கள். உங்கள் கேஸையே நல்ல ஆளிடம் ஆர்கான் வெல்டிங் வைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.

மன்னார்குடி (மறுபடியும்): அண்ணே, ஏழாவது மிதியில் ஸ்டார்ட் ஆகிவிட்டது! அம்மா அழுதுவிட்டார். பத்து நிமிஷம் புகைத்தது, அப்புறம் புகை நின்றுவிட்டது. தட்டில் துகள் எதுவும் இல்லை. மேல் பக்கம் மட்டும் 'டக் டக்' என்று ஒரு சத்தம்.

ரொம்பச் சந்தோஷம் தம்பி. இன்ஜின் முழுக்க ஆறியபின் டேப்பட் மூடியைத் திறந்து, பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்துங்கள். புஷ்ராடை இரண்டு விரலால் உருட்டினால் தாராளமாகச் சுற்ற வேண்டும், ஆனால் மேல் கீழாக ஆடக் கூடாது. இரண்டு ராடையும் அப்படி வைத்துவிட்டு, நன்றாகச் சூடாகும் வரை ஓட்டிவிட்டு எழுதுங்கள். சத்தம் போயிருந்தால் இன்ஜினை இறக்கி, ஓட்டைகளை எல்லாம் துணி வைத்து அடைத்து அப்படியே ஓரமாக வையுங்கள். வண்டிச் சட்டத்தை (ஃபிரேம்) மட்டும் பெயின்டுக்கு அனுப்புங்கள்.