கடும் நோயில் படுத்த இளம் ஓவியர்கள் ஏன் தங்கள் முகத்தையே திரும்பத் திரும்ப வரைகிறார்கள்?

வேறு யாரும் அத்தனை நேரம் அசையாமல் உட்காரமாட்டார்கள். முதல் காரணம் அதுதான். துயரம், தேடல் என்பதெல்லாம் பிறகு மற்றவர்கள் எழுதிச் சேர்ப்பது.

மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1925இல் மெக்சிகோ நகரில் அவர் போன பஸ் மீது டிராம் மோதியபோது வயது 18. படுத்தபடியே வரைய, படத்தைத் தாங்கும் ஒரு மரச்சட்டம் செய்யச் சொன்னார் அவருடைய தாயார். கட்டிலுக்கு மேலே கண்ணாடியும் பொருத்தினார்கள். கண் திறந்தால் எதிரே தன் முகம். அதைத்தான் வரைந்தார்.

எனக்கு அந்த ஏற்பாடெல்லாம் இல்லை. 24 வயதில் ரத்தப் புற்றுநோய். குடியாத்தத்தில் தறியை நிறுத்திவிட்டு, அப்பாவும் அம்மாவும் சிகிச்சைக்காக என்னோடு வேலூர் காந்தி ரோட்டில் ஒரு லாட்ஜ் அறைக்கு வந்துவிட்டார்கள். கீழே கடைப் பலகைகளில் வங்காளி எழுத்து; அறைச் சுவரில் கைக்குட்டை அளவுக்கு ஒரு கண்ணாடி. டர்பன்டைன் வாடை பட்டாலே வாந்தி வந்ததால் எண்ணெய் வண்ணங்களை மூட்டை கட்டிவிட்டுப் பென்சிலோடு உட்கார்ந்தேன்.

ஸ்டீராய்டு மாத்திரையால் கன்னம் உப்பிப்போனது. பார்க்க வந்த அத்தை, "பரவாயில்லையே, சதை பிடித்திருக்கிறதே" என்று மகிழ்ந்தார்! முடி கொட்டியதை எளிதாக வரைந்துவிட்டேன். மண்டை ஓர் உருண்டை, நிழல் போட்டால் தீர்ந்தது. புருவம் உதிர்ந்தபோதுதான் திண்டாடினேன். முகத்தை இன்னாருடையது என்று காட்டிக்கொடுப்பது கண் என்றே அதுவரை நினைத்திருந்தேன். அளவெல்லாம் சரியாக இருக்கும், தாளில் இருப்பவன் மட்டும் யாரோ. ஏழெட்டு முறை அழித்து வரைந்தும் யாரோவாகவே இருந்தான். (கண்ணாடியில் இருந்தவனும்தான்.)

அப்பா படங்களைப் பற்றி எதுவும் சொல்லமாட்டார். ஒருநாள் மட்டும், லுங்கிக் கட்டத்தில் பிசகு தேடும் அதே பார்வையோடு, "சட்டைப் பை வலப்பக்கம் இருக்கிறதேடா" என்றார். கண்ணாடியைப் பார்த்து வரைந்தால் இடம் வலமாகும் என்று விளக்கினேன். ஊசி ஏறிய இடக்கையும் படத்தில் வலக்கையாகத்தான் இருந்தது.

"அப்படியானால் இது நீ இல்லை" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சிகிச்சையின் கடுமையான கட்டம் தாண்டி, புருவம் பூனைமயிர்போல் அரும்பியபோது ஒன்று வரைந்தேன். அதில் பையை இடப்பக்கம் மாற்றிப் போட்டேன். அப்பா அதை மட்டும் கேட்டு வாங்கித் தறிக்கு எதிரே ஒட்டிவைத்திருக்கிறார்.